இம்பீச்மென்ட்: எதிர்க்கட்சியை எண்ணாதீர்கள், சொந்தக் கட்சியை எண்ணுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் டிரம்பை இரண்டு முறை இம்பீச் செய்தார்கள் என்று படித்தேன். அப்புறம் அவரே எப்படி மறுபடி அதிபரானார்? நம் குடியரசுத் தலைவரை இப்படி நீக்க முடியுமா? இதெல்லாம் எதிர்க்கட்சி போடும் நாடகம், கடைசியில் ஒன்றும் நடக்காது என்று எங்கள் பக்கத்து டீக்கடையில் சொல்கிறார்கள். சரிதானா சார்?”

தம்பி, டீக்கடைக்காரர்கள் சொல்வதில் பாதி சரி. கடைசியில் ஒன்றும் நடக்காமல் போனது பல தடவை உண்டு. ஆனால் அதிபர்களை வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். இம்பீச்மென்ட், அதாவது பதவியில் இருப்பவர் மீது நாடாளுமன்றம் குற்றம் சாட்டி நீக்கப் பார்க்கும் தீர்மானத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் எதிர்க்கட்சி, அது எந்த ஊரிலும் சுலபமான வேலை. அதிபர் போகிறாரா இருக்கிறாரா என்பதை முடிவு செய்வது அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். அவர்களில் எத்தனை பேர் பக்கம் மாறுகிறார்கள் என்பதுதான் கணக்கு. குற்றம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கேட்க நன்றாக இல்லை, ஆனால் நடந்தவை அப்படித்தான் காட்டுகின்றன.

அரசியல் சட்டம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். புதுச்சேரியில் இருப்பதால் இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காதில் விழும். இங்கே ஒரே தெருவில் மூன்று நாட்டு அரசியல் ஓடும். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ வீட்டில் மக்ரோனைத் திட்டுவார்கள். பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீட்டில் டிரம்ப் விசா விஷயத்தில் என்ன செய்வாரோ என்று கவலைப்படுவார்கள். பாரதி பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் ராஜ்நிவாஸ் என்று நாங்கள் சொல்லிப் பழகிய துணைநிலை ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் சட்டப்பேரவை. அங்கே பேச்சு டெல்லியைச் சுற்றித்தான் இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் அங்கேதான்.

முதலில் டிரம்ப் கணக்கை முடித்துவிடலாம். அமெரிக்காவில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. பிரதிநிதிகள் சபையில் 435 பேர். அங்கே சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் குற்றச்சாட்டு நிறைவேறிவிடும். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது போலத்தான் அது, தீர்ப்பு கிடையாது. தீர்ப்பு சொல்வது 100 பேர் கொண்ட செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எல்லோரும் வந்திருந்தால் 67 பேர், குற்றவாளி என்று சொன்னால்தான் பதவி போகும். செய்தித்தாளில் ‘இம்பீச் ஆனார்’ என்று வருவது முதல் கட்டத்தைத்தான்.

டிரம்ப் முதல் கட்டத்தை இரண்டு முறை பார்த்தவர். 2019 டிசம்பர் 18 அன்று, அரசியல் போட்டியாளர் மீது விசாரணை நடத்தச் சொல்லி உக்ரைனை நெருக்கினார் என்ற விவகாரத்தில் ஒரு குற்றச்சாட்டு 230-க்கு 197, இன்னொன்று 229-க்கு 198 என்று நிறைவேறியது. செனட்டில் 2020 பிப்ரவரி 5 அன்று முதல் குற்றச்சாட்டுக்கு ஆதரவாக விழுந்தது 48 ஓட்டு, இரண்டாவதற்கு 47. அவருடைய குடியரசுக் கட்சியிலிருந்து மிட் ராம்னி ஒருவர் மட்டும், அதுவும் முதல் குற்றச்சாட்டுக்கு மட்டும், குற்றவாளி என்றார். தன் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி ஓட்டுப் போட்ட முதல் செனட்டர் அவர்தான். 150 ஆண்டுக்கு மேற்பட்ட இம்பீச்மென்ட் வரலாற்றில் முதல் ஆள் என்றால், சொந்தக் கட்சிச் சுவர் எவ்வளவு கெட்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 2021 ஜனவரி 6-ல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர்கள் கூட்டம் புகுந்த விவகாரம். ஒரே வாரத்தில், ஜனவரி 13 அன்று, 232-க்கு 197 என்று மறுபடி இம்பீச் ஆனார். இந்தத் தடவை குடியரசுக் கட்சியிலிருந்து 10 பேர் ஆதரவாகப் போட்டார்கள். செனட்டில் பிப்ரவரி 13 அன்று 57-க்கு 43. அங்கேயும் 7 பேர் கட்சி மாறிப் போட்டார்கள். இன்னும் 10 ஓட்டு கிடைத்திருந்தால் தண்டனை உறுதி. அதற்குள் பதவிக்காலமே முடிந்துவிட்டது, பதவியில் இல்லாதவரை எப்படி விசாரிப்பது என்று பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் குற்றவாளி இல்லை என்று ஓட்டுப் போட்டுவிட்டு, கையோடு எழுந்து நின்று, நடந்ததற்கு டிரம்ப்தான் பொறுப்பு என்று பேசினார். எனக்கு இது வேடிக்கையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மறுபடி போட்டியிட முடியாதபடி தடை போடுவது தனி ஓட்டு. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் முதலில் குற்றவாளி என்ற முடிவு வந்திருக்க வேண்டும், அது வரவில்லை. எனவே தடையும் இல்லை. கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் வேறொரு சட்டப்பிரிவைக் காட்டி அவர் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் நாட்டின் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், ஜெயித்தார். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

பிரதிநிதிகள் சபையில் சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராகப் போட்ட அந்த 10 பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2022 தேர்தலில் நாலு பேர் போட்டியே போடவில்லை. நாலு பேர் சொந்தக் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார்கள், முன்னாள் துணை அதிபரின் மகள் லிஸ் சேனி உட்பட. திரும்பி வந்தது இரண்டே பேர். அடுத்த தடவை இப்படி ஒரு தீர்மானம் வரும்போது ஒவ்வொரு உறுப்பினர் மனதிலும் ஓடப்போவது இந்தக் கணக்குதான்.

இதெல்லாம் டிரம்ப் காலத்துச் சீரழிவு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788-லேயே பத்திரிகையில் எழுதியிருக்கிறார்: இம்பீச்மென்ட் வழக்குகளில் உண்மையில் குற்றமா இல்லையா என்பதைவிட எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலம் என்பதே முடிவு செய்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று. அப்போது அந்த நாட்டில் இன்று இருப்பது போன்ற கட்சிகளே கிடையாது.

முதல் வழக்கு 1868-ல். லிங்கன் கொலைக்குப் பிறகு அதிபரானவர் ஆண்ட்ரூ ஜான்சன். அவர் தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர். உள்நாட்டுப் போர் காலத்து ஒற்றுமைக்காக லிங்கனோடு துணை அதிபர் வேட்பாளராகச் சேர்க்கப்பட்டவர். விடுதலையான கறுப்பின மக்களின் உரிமை விஷயத்தில் அவருக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓயாத சண்டை. செனட் சம்மதம் இல்லாமல் அமைச்சரை நீக்கக் கூடாது என்று 1867-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அவர் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார். மாட்டினார். பிரதிநிதிகள் சபையில் 126-க்கு 47. செனட்டில் அப்போது 54 பேர், தேவை 36. விழுந்தது 35. ஒரே ஓட்டில் தப்பித்தார்.

எதிராக விழுந்த 19 ஓட்டில் 7 குற்றம் சாட்டிய குடியரசுக் கட்சியினுடையது. ஏன் போட்டார்கள்? கொள்கை என்று சொல்வார்கள், கொள்கையும் இருந்தது. இன்னொரு காரணமும் இருந்தது. அப்போது துணை அதிபர் பதவி காலி. ஜான்சன் போனால் அடுத்து வரவேண்டியவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். அவரைப் பிடிக்காதவர்கள் அவர் கட்சியிலேயே இருந்தார்கள். அந்த வேட் தானே அதிபராகப்போகிற வழக்கில் உட்கார்ந்து ‘குற்றவாளி’ என்று ஓட்டும் போட்டார். இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு அமெரிக்கா உடனே சொந்த ஊர் மாதிரி ஆகிவிடும். அந்த 1867-ம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1926-ல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. அதற்குள் எல்லோரும் செத்துப் போயிருந்தார்கள்.

யாரை நீக்குகிறோம் என்பதைப் போலவே, நீக்கினால் யார் வருவார் என்பதும் ஓட்டை மாற்றும். இதைப் பொது விவாதத்தில் யாரும் வெளிப்படையாகப் பேசமாட்டார்கள்.

நிக்ஸன் கதை நேர்மாறானது. எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தில் 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் வெள்ளை மாளிகைப் பேச்சுகள் பதிவான டேப்புகளை ஒப்படைக்கச் சொன்னது. அந்த மாதக் கடைசியில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. முழு சபையில் ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை. ஆகஸ்ட் 5 அன்று ஒரு டேப் வெளியானது, விசாரணையைத் தடுக்கச் சொல்லும் அவர் குரலே அதில் இருந்தது. ஆகஸ்ட் 7 அன்று அவர் கட்சியின் மூன்று பெரிய தலைகள், பாரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ், வெள்ளை மாளிகைக்குப் போனார்கள். செனட்டில் உங்களுக்கு ஆள் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று ராஜினாமா. ஆக, அமெரிக்காவில் இதற்குப் பயந்து பதவி விட்ட ஒரே அதிபர் சட்டப்படி இம்பீச் ஆனவரே இல்லை. தேர்வில் இந்த இடத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்.

கிளின்டன் வழக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1998 டிசம்பரில் இம்பீச் ஆனார், 1999 பிப்ரவரி 12 அன்று செனட்டில் ஒரு குற்றச்சாட்டு 45-க்கு 55, இன்னொன்று 50-க்கு 50. அவர் கட்சி செனட்டர்களில் ஒருவரும் நகரவில்லை.

நீங்கள் நிஜமாகவே படிக்கவேண்டிய நாடு தென்கொரியா. கே-டிராமா பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்த ஊர் நூடுல்ஸ் கடை வரைக்கும் தெரியும், இது தெரியாது. அங்கே 300 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 200 ஓட்டு விழுந்தால் அதிபரின் அதிகாரம் உடனே நிறுத்திவைக்கப்படும், பிரதமர் பொறுப்பு ஏற்பார். அதன் பிறகு அரசியல் சாசன நீதிமன்றம் விசாரிக்கும். 180 நாளுக்குள் முடிக்கவேண்டும், ஆறு நீதிபதிகளாவது சம்மதிக்கவேண்டும். நாடாளுமன்ற ஓட்டு ரகசிய ஓட்டு.

2004 மார்ச்சில் ரோ மூ-ஹியுனை எதிர்க்கட்சிகள் இம்பீச் செய்தன. தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசினார் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. மக்களுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த மாதமே நடந்த பொதுத் தேர்தலில் அவருக்கு ஆதரவான ஊரி கட்சிக்கு 299-ல் 152 இடம் கிடைத்தது. மே 14 அன்று நீதிமன்றம், விதிமீறல் இருக்கிறது, ஆனால் பதவியைப் பறிக்கிற அளவுக்கு இல்லை என்று சொல்லி அவரைத் திரும்பப் பதவியில் உட்காரவைத்தது. தவறு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, பதவி போகும் அளவுக்கு இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிடுகிறார்கள்.

2016-ல் பார்க் குன்-ஹே. அவருடைய தோழி ஒருவர் அரசு காரியங்களில் மறைவாகத் தலையிட்டது வெளிவந்தது. வாராவாரம் லட்சக்கணக்கானவர்கள் மெழுகுவத்தியோடு சியோல் தெருவில் நின்றார்கள். டிசம்பர் 9 அன்று 234-க்கு 56. எதிர்க்கட்சிகளையும் சுயேச்சைகளையும் சேர்த்தாலே 172-தான் வரும். அப்படியானால் அவர் கட்சியிலிருந்து குறைந்தது 62 பேர் மாறிப் போட்டிருக்கிறார்கள். ரகசிய ஓட்டு என்பதால் யார் யார் என்று யாரும் கேட்கமுடியாது. 2017 மார்ச் 10 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகப் பதவியைப் பறித்தார்கள்.

2024 டிசம்பர் 3 ராத்திரி யூன் சுக்-இயோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் 190 உறுப்பினர்கள் கூடி அதை ரத்து செய்யச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். டிசம்பர் 7 அன்று இம்பீச்மென்ட் ஓட்டெடுப்பு. ஆளும்கட்சிக்காரர்கள் மூன்று பேர் தவிர எல்லோரும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிவிட்டார்கள். விழுந்தது 195 ஓட்டு, 200 இல்லாததால் எண்ணவே இல்லை. ரகசிய ஓட்டை முறியடிக்க இதுதான் வழி: உள்ளே போகாமலே இருந்துவிடுவது. வெளியே மக்கள் விடவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி ஓட்டெடுப்பு, 204-க்கு 85. எதிர்க்கட்சி பலம் 192, மீதி 12 ஆளும்கட்சியிலிருந்து வந்தது. 2025 ஏப்ரல் 4 அன்று நீதிமன்றம் ஒருமனதாக அவரை நீக்கியது.

ஒரே ராணுவச் சட்டம், ஒரே குற்றம், ஒரே நாடாளுமன்றம். டிசம்பர் 7 அன்று தப்பித்தவர் 14 அன்று மாட்டினார். அந்த ஒரு வாரத்தில் மாறியது ஆளும்கட்சிக்காரர்களின் மனக்கணக்கு மட்டும்தான்.

கொரியா முறை குறையில்லாதது என்று சொல்லமாட்டேன். யூனுக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற பிரதமர் ஹான் டக்-சூவையும் டிசம்பர் 27 அன்று இம்பீச் செய்தார்கள், 192 ஓட்டில். அவர் பொறுப்பு அதிபர், எனவே 200 வேண்டும் என்றது ஆளும்கட்சி. அவர் பிரதமர்தான், 151 போதும் என்றார் சபாநாயகர். 2025 மார்ச்சில் நீதிமன்றம் 151 போதும் என்பதை ஏற்றுக்கொண்டது, ஆனால் நீக்கும் அளவுக்குக் காரணம் இல்லை என்று அவரைத் திரும்ப அனுப்பியது. ஓட்டையில்லாத சட்டம் எங்கேயும் கிடையாது. இருந்தாலும், தீர்ப்பைக் கட்சிக்காரர்கள் கையில் விடாமல் நீதிமன்றத்திடம் கொடுத்த அந்த ஏற்பாடு அமெரிக்காவுடையதைவிட மேல் என்பது என் கருத்து.

பிரேசிலில் 2016-ல் தில்மா ரூசெஃபை செனட் 61-க்கு 20 என்று நீக்கியது. கூட்டணியில் இருந்த துணை அதிபர் மிஷேல் டெமரின் கட்சி கழன்றுகொண்ட பிறகுதான் அது நடந்தது, அடுத்து அதிபரானவரும் அவரே. இலங்கையில் 1991-ல் பிரேமதாசாவுக்கு எதிராக லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்று அவருடைய சொந்தக் கட்சித் தலைவர்களே தீர்மானம் கொடுத்தார்கள். சபாநாயகர் எம்.எச்.முகமது முதலில் ஏற்றுக்கொண்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் பின்வாங்க, நிராகரித்துவிட்டார். 2022-ல் கோத்தபய ராஜபக்ச போனது இம்பீச்மென்டால் இல்லை. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் பெரும்பான்மை பிடித்தது அவர் கட்சிதான். ஜூலையில் மக்கள் மாளிகைக்குள் நுழைந்தார்கள், அவர் மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து ராஜினாமாவை அனுப்பினார்.

இனி எங்கள் ஊர் சமாசாரம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிரான்ஸ் அதிபர் தேர்தலில் இங்கிருந்தபடியே ஓட்டுப் போடுகிறவர்கள். 2024-லும் 2025-லும் மக்ரோனை நீக்கும் பேச்சு வந்தபோது, இதோ போகப்போகிறார் என்று அவர்கள் வீடுகளில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் கையெழுத்து இயக்கமும் நடந்தது. அந்தக் கையெழுத்துக்குச் சட்டப்படி மதிப்பு இல்லை. பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 68-வது பிரிவு என்ன சொல்கிறது? பதவியோடு கொஞ்சமும் பொருந்தாத கடமை தவறுதல் இருந்தால் அதிபரை நீக்கலாம். தீர்மானத்தில் ஒரு சபையின் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போடவேண்டும். 577 பேர் கொண்ட தேசிய சபையில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 348 பேர் கொண்ட செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதன் பிறகு இரண்டு சபையும் உயர்மன்றமாகச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மாதத்துக்குள் ரகசிய ஓட்டில் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. மூன்று பூட்டு. 2007-ல் திருத்தி எழுதிய பிரிவு இது, இதுவரை எவரையும் நீக்கியதில்லை.

2016-ல் அப்போதைய அதிபர் ஓலாந்துக்கு எதிராக வந்தது முதல் வாசலிலேயே, அதாவது தேசிய சபையின் நிர்வாகக் குழுவிலேயே, நின்றது. 2024 செப்டம்பரில் மக்ரோனுக்கு எதிராக இடதுசாரிக் கட்சி கொண்டுவந்த தீர்மானம் அந்த வாசலை 12-க்கு 10 என்று தாண்டியது. அக்டோபரில் சட்டக்குழு நிராகரித்தது, சபையின் விவாதப் பட்டியலில் ஏறவே இல்லை. 2025 அக்டோபரில் வந்த அடுத்த தீர்மானத்துக்கு முதல் வாசலே திறக்கவில்லை. பிரெஞ்சு செனட்டில் வலதுசாரி, நடுவழிக் கட்சிகளுக்குத்தான் பலம். அவர்களில் பெரும் பகுதி கை தூக்காமல் இந்தப் பிரிவு வேலை செய்யாது.

இந்தியாவுக்கு வருவோம். குடியரசுத் தலைவரை நீக்கமுடியும், 61-வது பிரிவு. அரசியல் சட்டத்தை மீறியது என்ற ஒரே காரணம்தான் செல்லும். எந்த அவையிலும் தொடங்கலாம். அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கு கையெழுத்து, 14 நாள் முன்னறிவிப்பு, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. பிறகு மற்ற அவை விசாரிக்கும். குடியரசுத் தலைவர் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தன் பக்கத்தைச் சொல்லலாம். அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. மக்களவையில் 543-க்கு 362, மாநிலங்களவையில் 245-க்கு 164. அமெரிக்காவில் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு, இங்கே மொத்தத்தில் மூன்றில் இரண்டு. வராமல் வீட்டில் இருந்தாலே குடியரசுத் தலைவருக்கு ஆதரவாகப் போட்ட மாதிரிதான். இன்றுவரை ஒருவரும் இப்படி நீக்கப்பட்டதில்லை.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் ஒரு விசித்திரம் தெரியும். 1992-ல் வந்த 70-வது திருத்தத்துக்குப் பிறகு எங்கள் 30 எம்.எல்.ஏ.க்களுக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு உண்டு. ஒருவர் ஓட்டின் மதிப்பு 16 (தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176). ஆனால் நீக்கும்போது எம்.எல்.ஏ.க்களுக்கு வேலையே இல்லை, எம்.பி.க்கள் மட்டும்தான். மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்கோ தலைகீழ்: தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை, நீக்க ஓட்டு உண்டு. தேர்ந்தெடுத்தவர்கள் ஒருவிதம், நீக்குகிறவர்கள் இன்னொரு விதம்.

ஏன் இந்தப் பிரிவு ஒருமுறைகூடப் பயன்படவில்லை? நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவை ஆலோசனைப்படி நடப்பவர். 1975 ஜூன் 25 ராத்திரி அப்போதைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவை கூடி முடிவெடுத்தது மறுநாள் காலையில். அரசியல் சட்ட மீறலா என்று விவாதிக்க அதைவிடப் பொருத்தமான சம்பவம் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போடச் சொன்ன கட்சிக்கே நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை. எதிர்க்கட்சித் தலைவர்களில் பலர் சிறையில். யார் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டைத் திரட்டுவது? அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் நெருக்கடி நிலை அறிவிக்கலாம் என்று 1978-ல் 44-வது திருத்தம் போட்டுத்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

மெய்யான அதிகாரம் பிரதமரிடம். அவரை இறக்க ஒரு ஓட்டு போதும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் 269-க்கு 270 என்று தோற்றார். ஜெயலலிதா ஆதரவை விலக்கியதால் வந்த வினை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்திய நாடாளுமன்றத்தில் இம்பீச்மென்ட் மாதிரி ஒன்று ஓட்டுக்கு வந்து தோற்றதைப் பார்க்கவேண்டுமானால் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமி வழக்கைப் படியுங்கள். விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டில் 11-ல் அவர் தவறு செய்ததாகச் சொன்னது. 1993 மே மாதம் மக்களவையில் கபில் சிபல் அவருக்காக வாதாடினார். ஆதரவாக 196 ஓட்டு. எதிர்த்து ஒன்றுகூட இல்லை. தீர்மானம் தோற்றது. ஆளும் காங்கிரசும் கூட்டாளிகளும், 205 பேர், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி யாருக்கும் போடவில்லை.

இன்னொரு சந்தேகம் எங்கள் ஊரில் ஓயாமல் வரும்: துணைநிலை ஆளுநரை ஏன் இம்பீச் செய்யக் கூடாது? 2019 பிப்ரவரியில் முதல்வராக இருந்த நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தபோது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர் இல்லை. முடியாது. அவரை நியமிப்பதும் எடுப்பதும் குடியரசுத் தலைவர், அதாவது மத்திய அரசு. கிரண் பேடியை 2021 பிப்ரவரி 16 அன்று ஒரு அறிவிப்பில் எடுத்துவிட்டார்கள். குற்றச்சாட்டு, விசாரணை, மூன்றில் இரண்டு பங்கு எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு ஆறு நாள் கழித்து, 22 அன்று, நாராயணசாமி ஆட்சியும் போனது. சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்து, மீதி இருந்தவர்களை வைத்துப் பெரும்பான்மை காட்ட முடியாமல் போனதில். ஓட்டு உள்ள மூன்று நியமன எம்.எல்.ஏ.க்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள் என்பதும் உண்டு. அது தனிக் கதை.

தேர்வுக்கு நாலு விஷயத்தை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவருக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், கூடவே வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு. காரணமும் வேறு, நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது திறனின்மை. குடியரசுத் தலைவர் விசாரணை நடக்கும்போதும் பதவியில் தொடர்வார், கொரியா மாதிரி அதிகாரம் நிற்காது. நீக்கப்பட்டால் துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பு பார்ப்பார், ஆறு மாதத்துக்குள் புதுத் தேர்தல் நடத்தவேண்டும். இந்த நாலில் ஒன்றை மாற்றிப்போட்டுத்தான் பெரும்பாலும் கேள்வி கேட்கிறார்கள்.